குவிமாடமும் உத்தரமும்: தமிழ்நாட்டில் இந்தோ-இஸ்லாமியக் கட்டடக்கலை

மேற்கு ஆசியாவிலிருந்து வந்த கட்டட முறையும் இந்தியக் கல்தச்சர்களின் கைவேலையும் ஒன்று கலந்து உருவானது இந்தோ-இஸ்லாமியக் கட்டடக்கலை. கூர்வளைவு, குவிமாடம், மினார், கல்லில் குடைந்த சல்லடைச் சாளரம், நான்கு பாத்திகளாகப் பிரித்த தோட்டம் ஆகியவை இதன் அடையாளங்கள். தில்லி சுல்தான்களும் முகலாயப் பேரரசர்களும் தக்காணத்துச் சுல்தான்களும் ஏறத்தாழ 600 ஆண்டுகள் இதை வளர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் போக்கு சற்று வேறானது. மதுரையில் வளைவும் குவிமாடமும் கொண்ட பேரரண்மனையைக் கட்டியவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குத் திருப்பணி செய்த திருமலை நாயக்கர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பழைய பள்ளிவாசல்களில் கோயில் மண்டபத்தைப் போன்ற கருங்கல் தூண்களே நிற்கின்றன. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர். தமிழ் மண்ணில் இந்தப் பாணி மதத்தைவிட ஆட்சியையே அதிகம் பின்தொடர்ந்தது. அரசனாகத் தோன்ற விரும்பியவர் எந்தச் சமயத்தவரானாலும் குவிமாடத்தைத் தேடிப் போனார்.

பாரம் இறங்கும் இரண்டு வழிகள்

இந்தக் கலப்பின் சிறப்பு புரிய வேண்டுமானால், ஒரு கூரை எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழகக் கோயில் மண்டபம் தூணையும் உத்தரத்தையும் நம்பி நிற்பது. இரண்டு தூண்களின் மேல் ஒரு நீண்ட கல்லைக் கிடத்தி, அதன் மேல் கூரைப் பலகைக் கற்களைப் பரப்புவார்கள். கருங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்தரம் நீளமாக நீளமாக அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் காணும். எனவே தூண்களை நெருக்கமாக நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆயிரங்கால் மண்டபங்களின் அழகுக்குப் பின்னால் இந்தக் கட்டாயமும் இருக்கிறது.

உயரமான விமானங்களிலும் இதே தர்க்கம்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அதன் உட்புறத்தில் ஒவ்வொரு கல் அடுக்கும் கீழடுக்கைவிடச் சற்று உள்ளே நீண்டு, மேலே போகப் போகக் குறுகி மூடுகிறது. கற்கள் எல்லாம் படுக்கையாகவே இருக்கின்றன. பாரம் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது.

வளைவின் வழி வேறு. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களையோ செங்கற்களையோ ஒரு மரச்சட்டத்தின் மேல் இரு பக்கமிருந்தும் அடுக்கிக்கொண்டு வருவார்கள். இன்றைய கொத்தனார்கள் அந்தச் சட்டத்தைச் சென்ட்ரிங் என்பார்கள். உச்சியில் கடைசிக் கல் இறங்கியதும் சட்டத்தை எடுத்துவிடலாம். அதன்பின் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கியே நிற்கும். இழுவிசைக்கு இடமே இல்லை, முழுவதும் அழுத்தம். அதனால் சிறு செங்கற்களைக் கொண்டே அகலமான இடைவெளியைத் தாண்ட முடிகிறது. ஆனால் வளைவு தன் கால்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத் தடித்த சுவரோ அடுத்தடுத்த வளைவுகளோ வேண்டும்.

வளைவைச் சுழற்றினால் குவிமாடம். அதில் ஒரு சிக்கல் உண்டு: அறை சதுரம், மாடம் வட்டம். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் குறுக்கே சிறு வளைவுகளைக் கட்டி எண்கோணமாக்கி, எண்கோணத்தின் மேல் வட்டத்தை ஏற்றுவது இதற்குக் கண்ட வழி. எந்தக் குவிமாடத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாலும், மூலைகளில் இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதே கட்டியவரின் திறமையைக் காட்டும்.

தில்லியிலிருந்து தக்காணம் வரை

தில்லியில் 1190-களில் குத்புதீன் ஐபக் தொடங்கிய மசூதியில், இடிக்கப்பட்ட கோயில்களின் தூண்கள் அப்படியே பயன்பட்டன. அதன் முன்புறத் திரைச்சுவரில் வளைவு கட்டச் சொன்னபோது, உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே படுக்கைக் கற்களை நீட்டி நீட்டி வளைவின் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு வளைவு, கட்டுமானத்தில் உத்தர முறை. ஆப்புக் கற்களால் ஆன உண்மையான வளைவு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அங்கே வேரூன்றியது. அலாவுதீன் கல்ஜி 1311-ல் கட்டிய அலாய் தர்வாசாவில் உண்மை வளைவும் முறையான குவிமாடமும் சேர்ந்து முழுமை பெற்றன. அதே 1311-ல்தான் அவருடைய தளபதி மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து திரும்பியது.

முகலாயர் காலத்தில் இந்தப் பாணி உச்சம் தொட்டது. தில்லியில் உமாயூன் கல்லறையும், அக்பர் 1571-ல் தொடங்கிய பதேபூர் சிக்ரியும், ஷாஜகான் 1632-ல் தொடங்கிய தாஜ்மகாலும் அடுத்தடுத்து எழுந்தன. அக்பரின் கட்டடங்களில் ராஜஸ்தானத்துச் சிவப்புக்கல் வேலையும் தாங்குகட்டைகளும் தாராளமாகக் கலந்தன. ஷாஜகான் காலத்தில் வெண்பளிங்கும் பல இதழ் வளைவும் முன்னுக்கு வந்தன.

தமிழகத்துக்கு இன்னும் நெருக்கமானது தக்காணம். பீஜப்பூரில் முகமது அடில் ஷாவின் கல்லறையான கோல் கும்பஸ், 1656-ல் அவர் இறந்த காலத்தை ஒட்டி எழுந்தது. அதன் குவிமாடத்தின் வெளி விட்டம் ஏறத்தாழ 44 மீட்டர். உள்ளே தாங்குவதற்கு ஒரு தூண்கூட இல்லை. விஜயநகரம் இந்தச் சுல்தான்களோடு ஓயாமல் போரிட்டது. அவர்களின் கட்டடக்கலையை மட்டும் விலக்கவில்லை. ஹம்பியின் தாமரை மகாலில் கீழே பல இதழ் வளைவுகள், மேலே கோயில் விமானம் போன்ற அடுக்குக் கூரை. யானைக் கொட்டாரத்தில் வரிசையாகப் பதினொரு அறைகள், அவற்றின் மேல் விதவிதமான மாடங்கள். கோயில் என்றால் தூணும் உத்தரமும், அரண்மனை என்றால் வளைவும் மாடமும் என்ற பிரிவினை அங்கேயே தெளிவாகிவிட்டது. விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கடற்கரையில் வேறு கதை

தமிழ்நாட்டில் இஸ்லாம் வாளோடு அல்ல, கப்பலோடு வந்தது. அரபு வணிகர்கள் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களோடு நெடுங்காலமாகத் தொடர்பு வைத்திருந்தார்கள். அவர்களின் வழிவந்த மரக்காயர்கள் கட்டிய பள்ளிவாசல்களுக்குப் பேரரசர்களின் நகரங்கள் முன்மாதிரி இல்லை. கல்லும் உள்ளூர்க் கல், செதுக்கியவர்களும் உள்ளூர்த் தச்சர்கள்.

கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலை 17-ஆம் நூற்றாண்டின் வள்ளல் சீதக்காதியோடு இணைத்துப் பேசுவது ஊர் மரபு. உள்ளே கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூணின் தலையில் போதிகைகள் விரிகின்றன, கூரை தட்டையானது. கோயில் தூணில் தெய்வ உருவமும் யாளியும் வரும் இடத்தில் இங்கே பூவும் கொடியும் வடிவக் கோலமும் உள்ளன. உருவம் விலகியது, கைவண்ணம் விலகவில்லை. தொழுகையின் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தை மட்டும் நீக்கிப் பார்த்தால், ராமேசுவரத்துப் பிராகாரத்துக்கு நெருங்கிய உறவான மண்டபம் இது என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முன், 14-ஆம் நூற்றாண்டில், மதுரையில் ஒரு சுல்தானியம் எழுந்தது. தில்லி சுல்தானின் மதுரை ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அசன் கான் 1335 அளவில் தனியாட்சி அறிவித்தார். குமார கம்பணரின் விஜயநகரப் படை அந்த ஆட்சியை 1370-களில் முடித்தது. நாற்பது ஆண்டுச் சொச்சம் நீடித்த அந்த அரசில் எட்டுச் சுல்தான்கள் மாறினார்கள். பெருங்கட்டடங்கள் எழுப்ப அவர்களுக்கு அமைதியும் இல்லை, அவகாசமும் இல்லை.

திருமலை நாயக்கர் மகால்

பேரரசுப் பாணி தமிழகத்தில் முழு வீச்சோடு வெளிப்பட்டது மதுரையில், 1636-ஐ ஒட்டி. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் திருச்சியிலிருந்து தலைநகரை மதுரைக்கு மாற்றி, புதிய அரண்மனை கட்டினார். இன்று எஞ்சியிருப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. சொர்க்க விலாசம் எனப்படும் அரசவையும் அதன் முன்னுள்ள திறந்த முற்றமும் நாடக சாலையும் நிற்கின்றன. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் திரும்பியபோது மற்ற பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார்.

முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்கள் ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். உள்ளே கல், மேலே சுதைப் பூச்சு. கோயில் தூணைப் போல இவற்றில் சிற்பம் இல்லை, வழவழப்பான உருளைகள். தூணுக்குத் தூண் தாவும் செங்கல் வளைவுகளின் ஓரம் இதழ் இதழாக வெட்டப்பட்டிருக்கிறது. வளைவுக்கு மேலுள்ள சுவரிலோ யாளிகளும் தெய்வ உருவங்களும் சுதையில் நெருங்கி நிற்கின்றன. முகலாய அவை மண்டபத்தின் எலும்புக்கூட்டுக்கு மதுரைக் கோபுரத்தின் தோல் போர்த்தியது போன்ற அமைப்பு இது. சொர்க்க விலாசத்தின் நடுக் குவிமாடம் எண்கோணத்தின் மேல் எழுகிறது. மரச்சட்டமோ இரும்போ இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே அதைத் தாங்குகின்றன.

அரண்மனைக்கு இந்தப் பாணியைத் தேர்ந்த அதே திருமலை நாயக்கர், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபம் கட்டியபோது பழைய முறைக்கே போனார். அங்கே கருங்கல் தூண், போதிகை, தட்டைக் கூரை, தூணெங்கும் சிற்பம். தெய்வத்துக்கு ஒரு மொழி, அரசவைக்கு ஒரு மொழி என்று ஒரே மன்னர் ஒரே நகரில் பிரித்து வைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

வெண்ணெய்ப் பதத்தில் சுண்ணாம்பு

வடக்கே பளிங்கும் சிவப்பு மணற்கல்லும் செய்த வேலையைத் தமிழகத்தில் சுண்ணாம்பு செய்தது. இங்கே கிடைப்பது கருங்கல். அது வளைவுக்கு ஆப்பு ஆப்பாகச் செதுக்கக் கடினமானது, பளிங்கின் வெண்மையும் அதற்கு இல்லை. ஆகவே செங்கல்லால் வடிவத்தைக் கட்டி, சுண்ணாம்புப் பூச்சால் அதைப் பளிங்காக்கினார்கள்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீற்றி, பல நாள் ஊறவிட்டுச் சலிப்பார்கள். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த நீரைச் சாந்தில் சேர்ப்பதுண்டு. அது சாந்தை இறுக்கி, விரிசலைக் குறைக்கும். முதல் பூச்சில் பருமணல், இரண்டாவதில் சலித்த நுண்மணல். மேல் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு மட்டும். அதை அம்மியில் இட்டு, விரலில் எடுத்தால் மணல் தட்டுப்படாத வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைப்பார்கள். முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் இதில் சேரும். கொங்கு நாட்டு ஊத்துக்குளிப் பக்கம் வெண்ணெய் கடைந்து பழகியவர்களுக்கு அந்தப் பதம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை. பூசிய பரப்பை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க ஈரம் கசியும். துணியால் ஒற்றி எடுத்து மீண்டும் தேய்ப்பார்கள். மாக்கல் பொடியும் தூவுவது உண்டு. காய்ந்த பின் முகம் தெரியும் அளவுக்குப் பரப்பு மின்னும். சென்னைக்கு வந்த ஐரோப்பியர்கள் இதைப் பளிங்கோடு ஒப்பிட்டார்கள்.

செஞ்சியும் ஆற்காடும்

தமிழ்நாட்டில் பேரரசுகள் நேரடியாகக் கால் பதித்த இடம் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை அது. செஞ்சி நாயக்கர்களிடமிருந்து 1649-ல் பீஜப்பூரும், பீஜப்பூரிடமிருந்து 1677-ல் சிவாஜியும் அதைக் கைப்பற்றினார்கள். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் முற்றுகையிட்டு, 1698-ல்தான் உள்ளே நுழைந்தார். ஒவ்வோர் ஆட்சியும் கட்டடத்தில் தன் தடத்தை விட்டது. கீழ்க்கோட்டையின் கல்யாண மகாலில் சதுர முற்றத்தைச் சுற்றி வளைவு அறைகள் உள்ளன. நடுவே அடுக்கடுக்காக எழும் கோபுரத்தின் உச்சி கூம்பு வடிவில் முடிகிறது. கிருஷ்ணகிரிக் குன்றின் மேல், காற்று நாலாபுறமும் புகும் வளைவுகளும் குவிமாடமும் கொண்ட அவை மண்டபம் நிற்கிறது. தானியக் களஞ்சியங்களின் கூரைகூட உருளை வளைவுதான். மரம் வேண்டாம், கறையானுக்கும் தீக்கும் பயமில்லை.

முகலாயரின் கர்நாடகப் பகுதிக்கு நவாபாக வந்த சாதத்துல்லா கான், 1714-ல் செஞ்சியின் தேசிங்கு ராஜனைப் போரில் வீழ்த்தினார். அதன்பின் 1717-18-ல் கோட்டைக்குள் எழுந்த பள்ளிவாசல் அவர் பெயராலேயே வழங்குகிறது. தலைமையிடம் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாறியது. ஆற்காட்டுக் கோட்டை பிற்காலப் போர்களில் அழிந்து, பாலாற்றங்கரையில் தில்லி வாசல் மட்டும் எஞ்சியது. 1751-ல் ராபர்ட் கிளைவ் முற்றுகையைத் தாங்கி நின்றது அந்தக் கோட்டைக்குள்தான்.

சேப்பாக்கத்து நவாப்

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா ஆங்கிலேயரின் நட்பை நம்பி ஆட்சிக்கு வந்தவர். சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இடம் கிடைக்காத நிலையில், 1768-ல் சேப்பாக்கத்தில் கடலை நோக்கி அரண்மனை கட்டினார். வேலையை நடத்தியவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பொறியாளராக இருந்த பால் பென்பீல்டு என்பர். கலச மகால், உமாயூன் மகால் என்று இரண்டு பகுதிகள். செங்கல், சுண்ணாம்பு, பல இதழ் வளைவு, சிறு மாடங்கள் என முகலாயச் சாயலை ஓர் ஐரோப்பியர் கையாண்ட முதல் பெரிய கட்டடங்களில் இது ஒன்று. பிற்காலத்தில் இந்தோ-சாரசனிக் என்று பெயர் பெற்ற பாணியின் தொடக்கமாக இதைச் சொல்பவர்கள் உண்டு. அரண்மனை எழுந்தபோதே நவாப் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். கடன் கொடுத்தவர்களில் பென்பீல்டும் ஒருவர். அதிகாரம் கரையக் கரைய அதன் தோற்றத்தைக் கட்டடம் காப்பாற்ற வேண்டியிருந்தது.

திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் வாலாஜா குடும்பத்தின் இன்னொரு கொடை. 1795-ல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுந்த அதில் மரமும் இரும்பும் பயன்படவில்லை. முன்னே விரிந்த மைதானம், ஒரு குளம், உயர்ந்த படிகள், தொழுகைக் கூடத்தின் இரு பக்கமும் மெல்லிய மினார்கள். உள்ளே கல்லில் பொறித்த ஒரு பாரசீக வாசகம் உண்டு. எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்துக் கூட்டினால் கட்டிய ஹிஜ்ரி ஆண்டு வரும்படி அமைத்த வாசகம் அது. அதை இயற்றியவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர்.

தஞ்சை மராத்தியரும் இதே வழியில் நடந்தார்கள். அவர்களின் அரண்மனை அவைக்கூடத்தில் வளைவுகள். நாகூரில் மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த மினார் 131 அடி உயரம். தர்காவின் ஐந்து மினார்களில் அதுவே பெரியது.

கொங்கு நாடும் மைசூரும்

ஊத்துக்குளி, பெருந்துறை, காங்கேயம் உள்ளிட்ட கொங்குப் பகுதி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையின் கையிலிருந்து மைசூர் உடையார்களிடம் போனது. பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்டார்கள். 1799-ல் திப்பு வீழ்ந்த பின்னரே கோயம்புத்தூர்ப் பகுதி கம்பெனி வசம் வந்தது. ஆக, இப்பகுதி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஓர் இஸ்லாமிய அரசின் கீழ் இருந்தது. ஆனாலும் மதுரையைப் போலவோ சேப்பாக்கத்தைப் போலவோ ஓர் அரண்மனை இங்கே இல்லை. மைசூருக்குக் கொங்கு எல்லைப்புறம்: வரி வரும் நிலம், படை நடக்கும் வழி. கஜல்ஹட்டிக் கணவாய் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்கிய படைகளுக்குத் தேவைப்பட்டது கோட்டை. பணமும் அதற்கே போனது.

ஊத்துக்குளியில் ரயிலேறினால் ஈரோட்டைத் தாண்டி வரும் சங்ககிரி அந்தக் கோட்டைகளில் பெரியது. விஜயநகர காலம் தொட்டே கோட்டையாக இருந்த மலை அது. ஏறும் வழியெங்கும் வாசலுக்கு மேல் வாசல். மலை மேல் பெருமாள் கோயிலும் தர்காவும் இருக்கின்றன. ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805-ல் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். கொங்கின் தெற்கு எல்லையை அடுத்த திண்டுக்கல்லில் ஹைதர் 1755-ல் மைசூரின் தளபதியாக அமர்ந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறை அங்கே பேகம்பூர்ப் பள்ளிவாசலில் உள்ளது. அந்தப் பகுதியின் பெயரே அவரால் வந்தது.

மைசூர்ச் சுல்தான்களின் கலையைக் காணச் சீரங்கப்பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். ஹைதர் 1782-ல் இறந்த பின் திப்பு கட்டிய கல்லறை மண்டபமான கும்பஸ், நான்கு பாத்தித் தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடையில் நிற்கிறது. சுற்றிலும் மெருகேற்றிய 36 கருங்கல் தூண்கள். உட்சுவரில் திப்புவின் அடையாளமான புலிவரிகள். 1787-ல் எழுந்த மஸ்ஜித்-எ-ஆலாவின் தொழுகைக் கூடத்தின் மேல் குவிமாடமே இல்லை. எண்கோண மினார்கள் இரண்டு மட்டும். 1784-ல் கட்டிய தரியா தௌலத் கோடை மாளிகை தேக்கு மரத்தால் ஆனது. சுவரில் 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயரை வென்ற போர் ஓவியமாக விரிகிறது. மரத்தூண்களுக்கு இடையே உள்ள பல இதழ் வளைவுகளை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும்: பாரத்தை மேலே கிடக்கும் மர உத்தரமே தாங்குகிறது. வளைவு அங்கே அலங்காரப் பலகை. தில்லியின் முதல் திரைச்சுவரில் நடந்ததே ஆறு நூற்றாண்டுக்குப் பின் மரத்தில் நடந்திருக்கிறது.

ஆங்கிலேயர் போர்த்திய முகலாயச் சால்வை

கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் 1855-ல் வாரிசின்றி இறந்தார். கம்பெனி நவாப் பட்டத்தை ஒழித்து, சேப்பாக்கம் அரண்மனையையும் எடுத்துக்கொண்டது. 1858-ல் இந்திய ஆட்சி விக்டோரியா அரசிக்கு மாறியது. கிரேக்கத் தூண்களோடு கட்டிவந்த ஆங்கிலேயர், முகலாயருக்குப் பின் வந்த முறையான பேரரசர்கள் தாங்களே என்று காட்டிக்கொள்ள விரும்பினார்கள். அதற்குக் குவிமாடமும் வளைவும் தேவைப்பட்டன.

சென்னையில் இதை முன்னெடுத்தவர் ராபர்ட் சிஷோம். ஆளுநர் நேப்பியர் பிரபு ஆதரவில், சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்கும் பணியில் அவர் ஈடுபட்டார். சேப்பாக்கம் அரண்மனையின் இரு பகுதிகளையும் இணைத்து நடுவே கோபுரம் எழுப்பினார். 1879-ல் முடிந்த பல்கலைக்கழகச் செனட் இல்லம் அவருடைய சிறந்த படைப்பு. அவருக்குப் பின் ஹென்றி இர்வின் வந்தார். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றத்தின் வடிவமைப்பில் அவருக்கும் பங்குண்டு. அதன் உயரமான மாடத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் விக்டோரியா நினைவு மண்டபத்தில் 1909-ல் பதேபூர் சிக்ரியின் வாசலைச் சத்தியவேட்டுச் சிவப்புக் கல்லில் எழுப்பினார். எழும்பூர் ரயில் நிலையம் 1908-ல் திறந்தது. கட்டியவர்கள் இந்திய ஒப்பந்தக்காரர்கள்: விக்டோரியா மண்டபத்தை நம்பெருமாள் செட்டி, எழும்பூர் நிலையத்தைச் சாமிநாத பிள்ளை. மாடங்களின் உட்புறத்தில் அப்போது இரும்பும் சேர்ந்துகொண்டது. ரயில் நிலையம், நீதிமன்றம், கல்லூரி என்று அரசு மக்களைச் சந்திக்கும் இடங்களெல்லாம் சுல்தான்களின் உடையை அணிந்தன.

இன்றைய நிலை

திருமலை நாயக்கர் மகால் 1970 வரை நீதிமன்றமாக இயங்கி, பின்னர் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 சனவரியில் தீயில் சிதைந்தது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. செஞ்சிக் கோட்டை, மராத்தியர் காலப் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, 2025 சூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது; பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே.

பழைய கட்டடங்களுக்கு நேர்ந்த பெருங்கேடு பல இடங்களில் சிமென்ட் பூச்சாக வந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை அரிக்க, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். அதனால் இப்போதைய சீரமைப்புகளில் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடுக்காய் நீர் சேர்த்த சுண்ணாம்புக்கே திரும்புகிறார்கள்.

கொங்கு நகரங்களில் புதிதாக எழும் பள்ளிவாசல்களிலும் திருமண மண்டபங்களிலும் குவிமாடமும் பல இதழ் வளைவும் இன்றும் தென்படுகின்றன. அவை கம்பி கட்டி வார்த்த கான்கிரீட்டால் ஆனவை. பாரத்தை உள்ளிருக்கும் பீமும் தூணும் தாங்குகின்றன. வளைவு வெளித்தோற்றத்துக்கு மட்டும். ஆப்புச் செங்கல்லை அடுக்கி, சட்டத்தை உருவி, மாடத்தைத் தன் எடையிலேயே நிற்க வைக்கும் கொத்தனார் வேலைக்கு இனி இடமுள்ளது பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் சாரங்களின் மேல்தான்.